பழைய கணினிக்குப் புதிய செவி

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினான் என்பது பழமொழி. அந்த மனிதனை எண்ணி நாம் யாவரும் நகைக்கின்றோம். ஆயினும், ஒரு பொருளின் சிற்றுறுப்பொன்று பயனற்றுப் போனதும் பொருள் முழுவதையும் ஒதுக்கிவிட்டுப் புதியது வாங்க விரையும்போது, நாமும் அவனுக்கு அயல்வீட்டுக்காரராகி விடுகின்றோம் என்பதை நினைப்பதில்லை. சென்ற மாதம் எமது குடும்பத்திலேயே நிகழவிருந்த ஒரு பெருஞ்செலவையும், அது தடுக்கப்பட்ட வகையையும் இவ்வாரம் வாசகர்களுக்குக் கூற விழைகின்றோம். பெற்றோருக்கும் மாணவருக்கும் ஒருங்கே பயன்படக்கூடிய செய்தி ஆதலின், சற்று விரிவாகவே கூறுவோம்.

வடமராட்சியில் வாழும் எம் தங்கையின் வீட்டுக்கு ஒரு மாலைப்பொழுதிற் சென்றிருந்தோம். படலை திறக்கும் ஓசை கேட்டதும் "மாமா" என்று ஓடிவரும் மருமகளை அன்று காணவில்லை. உள்ளே சென்று பார்த்தபோது, அவள் ஒரு மடிக்கணினியின் முன் முகம் வாடி அமர்ந்திருந்தாள். திரையிலே பௌதிகவியல் ஆசிரியர் வாயைத் திறந்தபடி சிலைபோல நின்றார். சிறிது நேரத்தில் நாலைந்து சொற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. ஆசிரியர் மீண்டுஞ் சிலையானார்.

"எந்நாளும் இப்படித்தான் மாமா. ஒரு மணித்தியால வகுப்பிலே அரை மணித்தியாலம் சேர் இப்படியே நிற்கிறார்" என்றாள் பிள்ளை.

2020 ஆம் ஆண்டிற் கொரோனா நோயினாற் பாடசாலைகள் மூடப்பட்ட காலத்தில், இணையவழி வகுப்பு நம் வீடுகளுக்குள் நுழைந்தது. நோய் தணிந்து பாடசாலைகள் திறந்த பின்னரும் அது வெளியேறவில்லை. தூரத்து நகரிலுள்ள ஆசிரியரிடம் வீட்டிலிருந்தபடியே கற்கும் வசதியை மாணவர் கைவிட விரும்பவில்லை. எம் மருமகளும் அவ்வாறு க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்பவள். கணினியோ அவளுடைய பெரியப்பா மகன் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. 2012 ஆம் ஆண்டிற் செய்யப்பட்டது.

தேநீர் கொண்டுவந்த தங்கை, கூடவே ஒரு சிறு துணிப்பொட்டலத்தையுங் கொண்டுவந்து மேசைமீது வைத்தாள். அவிழ்த்துப் பார்த்தோம். அவளுடைய திருமணத்தின்போது எம் அன்னையார் அணிவித்த காப்புச் சோடி.

"அண்ணை, நாளைக்கு இதை ஈடு வைக்கப் போகிறேன். பிள்ளைக்குப் புதுக் கணினி எடுக்க வேண்டும். நீங்களும் கூட வந்தால் நல்லது" என்றாள்.

"வேண்டாம் மாமா. நான் சிநேகிதியின் கொப்பியைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன்" என்ற குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் மதிப்பு வீழ்ந்ததன் பின்னர், புதிய கணினி என்பது நடுத்தரக் குடும்பத்தாருக்கு இலேசான காரியமன்று. ஈடு வைத்த நகை எல்லா வீடுகளிலும் மீண்டு வருவதுமில்லை. "இரண்டு நாள் பொறு தங்கச்சி. முதலிற் கணினிக்கு என்ன நோயென்று பார்ப்போம்" என்று சொல்லிக் காப்பைத் திரும்பவும் பொட்டலமாகக் கட்டுவித்தோம்.

நோய் எது?

வைத்தியர் நாடி பிடித்த பின்னரே மருந்து சொல்கிறார். கணினிக்கும் அதுவே முறை. நாம் செய்த சோதனைகள் மூன்று. அவற்றைச் செய்யக் கருவி எதுவும் வேண்டியதில்லை.

முதலாவதாக, கணினியில் ஏற்கெனவே சேமித்து வைத்திருந்த ஒரு பாட ஒளிப்பதிவை ஓடவிட்டோம். தடையின்றி ஓடிற்று. ஆகவே, கணினியின் மூளைக்கோ கண்ணுக்கோ குறையில்லை என்பது தெளிவாயிற்று.

இரண்டாவதாக, அதே மேசையில், அதே வைபை இணைப்பில், தங்கையின் கைத்தொலைபேசியில் ஒரு நேரலையைப் பார்த்தோம். அதுவும் தெளிவாக ஓடிற்று. ஆகவே, வீட்டுக்கு வரும் இணையத்திலுங் குறையில்லை.

மூன்றாவதாக, இணையம் வந்து சேரும் ரவுட்டர் பெட்டிக்குங் கணினிக்கும் இடையே ஒரு கம்பியைப் பூட்டினோம். மறுநாள் வகுப்பிலே ஆசிரியர் ஒருமுறையேனுஞ் சிலையாகவில்லை. கம்பி வழியாகக் கேட்கும் கணினி, காற்று வழியாகக் கேட்கமாட்டாது தவிக்கிறது. நோய் அதன் செவியில் என்று முடிவு செய்தோம்.

கம்பியை அப்படியே விட்டுவிடலாமே என்று சிலர் கேட்கக்கூடும். விடலாம், மிக மலிவான மருந்தும் அதுவே. ஆனால், ரவுட்டர் கூடத்தில் இருந்தது. பிள்ளை படிப்பதோ பக்கத்து அறையில். வாசற்படியைக் கடந்து கிடந்த கம்பியில் முதல் நாளே எம் மைத்துனர் கால் தடுக்கி விழப் பார்த்தார். ஆகவே அவ்வழி அந்த வீட்டுக்கு ஒத்துவரவில்லை.

இன்னுமோர் அடையாளமும் கண்டோம். கைத்தொலைபேசியிற் பார்த்தால் வீட்டு வைபைக்கு இரண்டு பெயர்கள் தெரிந்தன. ஒன்றின் வாலில் '5ஜி' என்றிருந்தது. கணினியிலோ அந்தப் பெயரே தோன்றவில்லை. இங்கே ஒரு மயக்கத்தைத் தீர்த்துவிட வேண்டும். ரவுட்டரின் பெயரில் வரும் '5ஜி' என்பது தொலைபேசிக் கம்பனிகள் விளம்பரஞ் செய்யும் ஐந்தாந் தலைமுறைச் சேவையன்று. அது 5 கிகாஹேட்ஸ் என்னும் மீடிறனைக் குறிப்பது.

இரண்டு தெருக்கள்

வைபை என்பது வானொலியின் தம்பியே. அதற்கென ஒதுக்கப்பட்ட முக்கிய மீடிறன்கள் இரண்டு: 2.4 கிகாஹேட்ஸ் ஒன்று. 5 கிகாஹேட்ஸ் மற்றொன்று. முதலாவது பழைய தெரு. அதில் அயல்வீட்டு ரவுட்டர்களும், புளூடூத் கருவிகளும், சமையலறையிலுள்ள நுண்ணலை அடுப்பின் கசிவுங்கூட நெருக்குகின்றன. ஒன்றோடொன்று மோதாத அலைவரிசைகளாக அதிற் கிடைப்பவை 1, 6, 11 என்னும் மூன்றே எனலாம். இரண்டாவது அகன்ற தெரு. அலைவரிசைகள் பல, நெரிசல் குறைவு. ஆனால், அதன் அலைகள் சுவரை ஊடுருவும்போது விரைவில் வலுவிழந்துவிடும். நல்லூர்த் தேர்த்திருவிழா அன்று கோயில் வீதியால் வாகனஞ் செலுத்த முயல்வோனுக்கும், அன்று வேறு வீதியால் வருவோனுக்கும் உள்ள வேற்றுமையே இது. வாகனம் ஒன்றுதான், வழி வேறு.

வைபையின் முதல் நியமம் 1997 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அதன் உச்ச வேகம் வினாடிக்கு 2 மெகாபிட். 1999 இல் 11 உம் 54 உம், 2009 இல் நிறைவேறிய 'என்' நியமத்தில் 600 வரையும் அது வளர்ந்தது. 2013 இல் 'ஏசி' நியமம் வந்தது. அது 5 கிகாஹேட்ஸில் மட்டும் இயங்குவது. 2021 இல் 'ஏஎக்ஸ்' வந்தது. எழுத்துக்கள் பொதுமக்களைக் குழப்பியமையால், 2018 ஆம் ஆண்டில் இவற்றுக்கு முறையே வைபை 4, 5, 6 என எண்பெயர் சூட்டினர்.

இவற்றுள் 'என்' நியமம் இரு தெருக்களிலும் நடக்கவல்லது. எனினும், செலவைக் குறைக்க எண்ணிய கணினிக் கம்பனிகள் பல, அக்காலத்தில் 2.4 இல் மட்டும் இயங்கும் அட்டையையே பொருத்தி விற்றன. எம் மருமகளின் கணினியில் இருந்ததும் அத்தகையதே. அதன் உச்ச வேகம் 300 மெகாபிட் எனக் குறிக்கப்பட்டிருந்தது. 2012 இல் அயலில் இரண்டொரு ரவுட்டர்களே இருந்திருக்கும். இன்றோ அவளது அறையிலிருந்து எண்ணிப் பார்த்தபோது பதினொரு பெயர்கள் தெரிந்தன. கணினி மாறவில்லை, தெருவிற் சனம் பெருகிவிட்டது.

எமது தவறு

இனி, வெட்கத்தோடு ஒன்றைக் கூறுவோம். நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்ட களிப்பில், மருந்தை விசாரியாமல் வாங்கிவிட்டோம்.

கொழும்புக்குச் சென்ற ஒருவர் மூலம் இன்டெல் 7260 என்னும் அட்டையை வருவித்தோம். 'ஏசி' நியமத்தில் 867 மெகாபிட் வரை செல்லவல்ல நல்ல அட்டை. அளவும் பொருந்திற்று. பூட்டிவிட்டுக் கணினியை இயக்கினோம். கறுத்த திரையில் ஆங்கிலத்திற் சில வரிகள் தோன்றின: அங்கீகாரமில்லாத அட்டை பூட்டப்பட்டிருக்கின்றது, நிறுத்திவிட்டு அதனைக் கழற்றுக என்பது பொருள். அதற்குமேற் கணினி ஓர் அடியும் நகரவில்லை. தங்கை எம் முகத்தைப் பார்த்தாள். பிள்ளை தரையைப் பார்த்தாள். பொட்டலம் அலுமாரிக்குள் இருந்தது.

மறுநாள் யாழ்ப்பாண நகரிற் கணினி திருத்தும் இளைஞர் ஒருவரிடம் அதனைக் கொண்டுசென்றோம். அவர் சிரித்தார்.

"ஐயா, அட்டையிற் பிழையில்லை. இந்தக் கம்பனியின் பழைய கணினிகளில், எந்தெந்த அட்டையை ஏற்கலாமென்று ஒரு பட்டியல் உள்ளே எழுதி வைத்திருக்கிறார்கள். பட்டியலில் இல்லாததைப் பூட்டினால் எழும்பாது. பெரிய அட்டை வேண்டாம் ஐயா. கம்பனியின் இலக்கம் உள்ள அட்டை வேண்டும்."

அப்பட்டியல் பயோஸ் எனப்படும் அடிப்படை மென்பொருளிலே பதிந்திருக்கும். கணினியையும் அதன் ஏரியலையும் அட்டையையும் ஒருசேரச் சோதித்தே வானொலிச் சட்டப்படி அனுமதி பெற்றோம் என்பது கம்பனிகள் கூறும் நியாயம். வாங்கியவனுடைய சொந்தப் பொருளிற் பூட்டுப் போட்டு வைப்பது முறையா என்பது எமது கேள்வி. நல்லவேளையாக, பின்னாளில் வந்த கணினிகள் பலவற்றில் இத்தடை இல்லை. எனினும், பழைய கணினி வைத்திருப்போர் அட்டை வாங்குமுன் இதனை விசாரித்தல் இன்றியமையாதது. கணினிக் கம்பனி வெளியிடுந் திருத்துநர் கைநூலில் ஏற்கப்படும் அட்டைகளும் அவற்றின் இலக்கங்களும் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். பழைய அட்டையின் மேலேயே கம்பனியின் இலக்கம் ஒட்டப்பட்டிருப்பதும் உண்டு.

அந்த இளைஞர் தம்மிடமிருந்த பழுதான கணினியொன்றிலிருந்து, பட்டியலில் உள்ள ஓர் அட்டையைக் கழற்றித் தந்தார். இன்டெல் 6205, 'என்' நியமம், இரு தெருக்களிலும் நடக்கவல்லது. உச்ச வேகம் பழையதைப் போலவே 300 மெகாபிட். எமக்குச் சற்று மனக்குறைதான். ஆயினும் வாங்கினோம். புதுக் கணினியின் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை வழிச்செலவுக்குச் சமம்.

மாற்றும் முறை

பொருத்தும் வேலையை மருமகளையே செய்யச் சொன்னோம். பௌதிகவியல் படிப்பவள் தன் கணினியின் உட்புறத்தைக் காணாதிருத்தல் தகாது. இதனை வாசிக்கும் மாணவரும் கவனித்துக்கொள்க.

அட்டையை வாங்குமுன் அதன் வடிவத்தை அறிதல் வேண்டும். 2012 ஐ அண்டிய கணினிகளிற் பெரும்பாலும் மினி பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் வகையின் அரை அட்டை இருக்கும். ஏறத்தாழ 30 மில்லிமீற்றர் அகலமும் 27 மில்லிமீற்றர் நீளமும் உடையது. அதற்குப் பின் வந்தவற்றில் எம்.2 என்னும் வகை. 22 க்கு 30 மில்லிமீற்றர். ஒன்றன் இடத்தில் மற்றொன்று நேராகப் பொருந்தாது. எம்.2 வகையிலும் ஒரு பொறி உண்டு. இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்201 என்னும் இரண்டும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. முதலாவது பெரும்பாலான கணினிகளில் இயங்கும். இரண்டாவது அதற்கென அமைந்த இன்டெல் கணினிகளில் மட்டுமே இயங்கும். ஓர் இலக்கம் மாறினாற் பணம் வீண்.

புதிய அட்டைக்குரிய இயக்கி மென்பொருளைப் பழைய அட்டையைக் கழற்றுமுன்னரே இறக்கிப் பென்டிரைவில் வைத்துக்கொள்க. கழற்றிய பின்னர் இறக்குவதற்கு இணையம் இராது. எம் மருமகளின் கணினியில் லினக்ஸ் இருந்தமையாலும், அந்த அட்டைக்குரிய இயக்கி அதனுள்ளேயே அடங்கியிருந்தமையாலும் அத்தொல்லை ஏற்படவில்லை.

பின்னர், கணினியை முற்றாக நிறுத்தி, மின்வயரை நீக்கி, பற்றரியைக் கழற்றி, இயக்கும் பொத்தானைச் சில வினாடிகள் அழுத்திவிட வேண்டும். நம் உடலிலுள்ள நிலைமின் அட்டையைக் கெடுக்கக்கூடும். ஆதலின், உட்புறத்தைத் தொடுமுன் ஓர் உலோகப் பொருளைத் தொட்டுக்கொள்க. அடிமூடியின் திருகாணிகளைச் சிறு திருப்புளியாற் கழற்றி, எந்த ஆணி எந்தத் துளையினது என ஒரு தாளில் வரைந்து அதன்மேல் வைக்க வேண்டும். எதையும் அகற்றுமுன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளல் நன்று.

மூடி அகன்றதும் அட்டையும், அதன்மேற் கறுப்பும் வெள்ளையுமான இரண்டு மெல்லிய வயர்களும் தோன்றின. "இவை எங்கே போகின்றன மாமா?" என்று பிள்ளை கேட்டாள். விரலால் வழிகாட்டினோம். அவை கணினியின் கீலைக் கடந்து, திரையின் மேல்விளிம்பு வரை சென்றன. அவையே ஏரியல். எமது சிறுபராயத்தில், வானொலிப் பெட்டிக்காக முற்றத்துத் தென்னையிலிருந்து வீட்டு முகடு வரை தந்தையார் கட்டிய செப்புக்கம்பி நினைவுக்கு வந்தது. பாட்டு இரைச்சலாகக் கேட்டால், தந்தையார் பெட்டியை விற்க எண்ணியதில்லை. ஏரியலைப் பார்ப்பார், பின் வால்வைப் பார்ப்பார், தேய்ந்த வால்வை மட்டும் மாற்றுவார்.

அந்த வயர்களின் நுனியிலுள்ள பொத்தான்களே மிக மென்மையானவை. ஏறத்தாழ முப்பது முறை கழற்றிப் பூட்டுவதற்கென்றே அமைந்தவை, விளையாட்டாகக் கழற்றலாகாது. வயரைப் பிடித்து இழாமல், பொத்தானை அடியிலிருந்து நேர்மேலாகக் கிளப்ப வேண்டும். ஒற்றைத் திருகாணியைக் கழற்றியதும் அட்டை ஒருபுறஞ் சரிந்து எழும்பும்; அதே சரிவில் வெளியே எடுக்க வேண்டும். புதியதையும் அவ்வாறே சரித்துச் செருகி, தாழ்த்தி, திருகாணியைப் பூட்டி, வயர்களை அவ்வவற்றுக்குரிய முனையில் மெல்ல அழுத்த வேண்டும். 'கிளிக்' என்ற சிற்றொலி கேட்கும். எம்.2 அட்டையின் முனைகள் மினி அட்டையினவற்றிலுஞ் சிறியவை. அங்கே பலவந்தஞ் செய்யலாகாது.

பிள்ளையின் கை முதலிற் சற்று நடுங்கிற்று. இரண்டாவது பொத்தான் 'கிளிக்' என்றபோது அவள் முகம் மலர்ந்தது.

சிலை பேசிற்று

கணினி இம்முறை முறைப்பாடின்றி எழும்பிற்று. வைபைப் பெயர்களின் நிரலில், அதுவரை காணாத '5ஜி' பெயரும் வந்து நின்றது. அன்று மாலை வகுப்பில் ஆசிரியர் பேசினார், எழுதினார், அழித்தார், கேள்வி கேட்டார். எம் மருமகள் அவருக்கு விடையுங் கூறினாள். உச்ச வேகத்தின் இலக்கம் பழையதே என்று முன்னர் குறைப்பட்டோமல்லவா? பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணன்று, நெரிசலற்ற வழியே அவளுக்கு வேண்டியிருந்தது என்பதை அப்பொழுதே உணர்ந்தோம்.

எனினும், இதனைச் சர்வரோக நிவாரணியென்று எவரும் எண்ணற்க. ரவுட்டர் 5 கிகாஹேட்ஸ் அறியாத பழையதாயின் அட்டையை மட்டும் மாற்றிப் பயனில்லை. வீட்டுக்கு வரும் இணையமே மந்தமாயின் எந்த அட்டையும் அதனை விரைவாக்காது. படிக்கும் அறை ரவுட்டருக்குத் தூரத்தில், தடித்த கற்சுவர்களுக்கு அப்பால் இருப்பின், 5 கிகாஹேட்ஸ் அங்கே எட்டாமலும் போகலாம். நாமும் பிள்ளையின் மேசையைக் கூடத்தின் வாசற்பக்கமாக நகர்த்தியே வைத்தோம். கணினியைத் திறக்க அஞ்சுவோர், யூஎஸ்பி முனையிற் செருகும் வைபைக் கருவியை வாங்கலாம். கம்பனியின் பட்டியலும் அதனைத் தடுப்பதில்லை. மேலும், விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிவடைந்துவிட்டது. பழைய கணினியில் அதனை வைத்திருப்போர் அதன் பாதுகாப்பைத் தனியே கவனித்தல் வேண்டும். புதிய செவி அந்நோயைத் தீர்க்காது.

நாம் தவறாக வாங்கிய 7260 அட்டையும் வீண்போகவில்லை. இரண்டு வீடு தள்ளியுள்ள ஒரு மாணவனின் கணினி வேறு கம்பனியினது; அதிற் பட்டியல் இல்லை. வாங்கிய விலைக்கே அவன் தந்தையார் எடுத்துக்கொண்டார். பூட்டிக்கொடுத்தவள் எம் மருமகள்.

புறப்படும்போது தங்கை தேநீர் தந்தாள். அவள் கையிற் காப்பு இருந்தது. நாம் அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. மேசைமேற் கிடந்த பழைய அட்டையைக் காட்டி, "இதைக் குப்பையில் எறியட்டோ அண்ணை?" என்று மட்டும் கேட்டாள்.

எறிய வேண்டாமென்று தடுத்தோம். புதியது என்றாவது மறுத்தால் பழையதைப் பூட்டிக் காரியம் பார்க்கலாம். ஒரு கடித உறையில் அதனையிட்டு, மேலே திகதியையும் இலக்கத்தையும் பிள்ளை எழுதினாள். அவ்வுறை இப்பொழுது அலுமாரியில், துணிப்பொட்டலம் இருந்த இடத்தில் இருக்கின்றது.